செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் ஊரும் பைப்புழு: கடையில் விற்பதில் எதை வாங்கலாம், எதை விடலாம்

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் பட்டாலை என்னும் பெரிய கூடத்துச் சுவரில் பூசணி விதை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த மண் துணுக்கு என்று விட்டுவிட்டால், மறுநாள் அது ஒரு சாண் மேலே இருக்கும். அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு, தன் கூட்டைத் தானே இழுத்துக்கொண்டு நடக்கிறது. பலரும் வெறும் சுவர்ப்பூச்சி என்பார்கள். இங்கே பைப்புழு என்றே வைத்துக்கொள்வோம்.

இதைப் போக்க என்று காரைக்குடி, தேவகோட்டை கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எடைபோடுவதுதான் இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் நல்ல ஒட்டடைக் கம்பு ஒன்று வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் வேக்யூம் கிளீனர். கம்பளியும் பட்டும் வைத்திருப்பவர்கள் மூடி போட்ட பெட்டியும் அந்துருண்டையும் வாங்கலாம். மருந்து அடிப்பது கடைசியில்தான், அதுவும் எல்லா வீட்டுக்கும் தேவைப்படாது.

ஏன் இந்த வரிசை என்பது அந்தக் கூட்டைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். ஒரு கூட்டை வெள்ளைத் தாளில் வைத்து, அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். தட்டையாக, நடுவில் அகன்று, இரண்டு முனையும் குறுகி இருக்கும். நீளம் 8 முதல் 14 மில்லிமீட்டர், அகலம் 3 முதல் 5. இரண்டு முனையும் திறந்தே இருக்கும். ஒரு முனையிலிருந்து கரும்பழுப்புத் தலை எட்டிப் பார்க்கும், பின்னால் மூன்று ஜோடிக் கால்கள் வரும். தாளைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சுருக்கும்போது கூடு ஒரு இழுப்பு நகரும். விரலால் தொட்டால் தலை உள்ளே போய்விடும். சற்று நேரத்தில் அதே தலை எதிர்முனையில் வெளியே வரும். நடுப்பகுதி அகலமாக இருப்பது புழு உள்ளேயே திரும்பிக்கொள்வதற்காகத்தான்.

முட்டையிலிருந்து வந்த புழு முதலில் தரையில் ஒரு சின்ன வளைவு கட்டும். தன் பட்டு நூலால் இரண்டு பக்கமும் தரையோடு ஒட்டிய தோரணம் மாதிரி. அதன்மேல் மணல் துகளையும் தூசியையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டும். பிறகு அடிப்பக்கத்தையும் மூடிக் குழாயாக்கி, உட்புறத்துக்கு முழுக்கப் பட்டு விரிக்கும். வளர வளரக் கூட்டை நீட்டி அகலப்படுத்தும். கூட்டில் ஒட்டியிருக்கும் துகள் அந்த அறையில் கிடைத்த துகள்தான். சுண்ணாம்பு உதிரும் சுவரில் கூடு வெளுத்திருக்கும், அடுப்படியில் கரி படிந்து கறுத்திருக்கும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் தூசி சேர்ந்தால் சிவப்புப் பொட்டுகள் தெரியும். ஆகவே கூட்டின் நிறத்தைப் பார்த்தே அது எந்த அறையில் வளர்ந்தது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பட்டாலையில் கறுத்த கூடு கிடைத்தால் அடுப்படியில் முதலில் தேடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதன் முதல் விருப்பம் பழைய சிலந்தி வலை, அதாவது நாம் ஒட்டடை என்று சொல்வது. கம்பளி, உதிர்ந்த முடி, தலைப்பொடுகு, செத்த பூச்சி இவையும் ஆகும். வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் இனத்தின் பழைய கூட்டையே கடிக்கும். ஆய்வுக்கூடத்தில் பருத்தித் துணியைக் கொடுத்துப் பார்த்தபோது தின்னவில்லை. பெட்டியில் கண்டாங்கிச் சேலைமேல் ஒரு கூட்டைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு இது ஆறுதல். பருத்திக் கண்டாங்கியில் ஓட்டை விழுந்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் வேறு. கஞ்சி போட்டு மடித்து வைத்த துணியென்றால் இராமபாணப் பூச்சியைத் தேடுங்கள், கஞ்சிதான் அதற்கு இரை.

முட்டை பொரிக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். புழு ஆறேழு முறை தோலுரித்து, 50 நாள் அளவில் முழு வளர்ச்சி அடையும். பிறகு கூட்டைச் சுவரிலோ உத்தரத்திலோ ஒட்டிவிட்டு உள்ளேயே உறங்கி, அந்துப்பூச்சியாக வெளியே வரும். முட்டை முதல் பூச்சி வரை சராசரியாக 74 நாள். சாம்பல் நிறப் பூச்சி, சிறகு விரித்தால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு உண்ணும் வாயே கிடையாது. ஒரு பெண் பூச்சி ஏறக்குறைய 200 முட்டை வரை இட்டுவிட்டுச் செத்துப்போகும். இந்தியா, இலங்கைப் பகுதியில் பதிவான இனத்துக்கு ஃபெரியோயிகா அலுடெல்லா என்று பெயர். அமெரிக்காவில் பரவலாக இருப்பது இதன் நெருங்கிய உறவு. பழக்கம் ஒன்றுதான்.

இதற்கு ஈரக்காற்று வேண்டும். காய்ந்த அறையில் அவ்வளவாகத் தங்காது. செட்டிநாடு வறண்ட பூமிதான், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டின் இரண்டாங்கட்டும் இருட்டறையும் வாரக்கணக்கில் காற்றில்லாமல் புழுங்கும். ஒட்டடையும் அங்கேதான் சேரும். சாப்பாடும் ஈரமும் ஒரே இடத்தில்.

ஒட்டடைக் கம்பு

விலை மலிவு என்பதால் இதை யாரும் கவனித்து வாங்குவதில்லை. கவனித்து வாங்குங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: கம்பு, பூட்டு, தலை.

கம்பு எதனால் ஆனது என்பது செட்டிநாட்டு வீட்டில் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. பழைய வீடுகளில் மரப்பட்டியில் ஒயர் ஓடும், உறை வெடித்துச் செம்பு தெரியும் இடமும் உண்டு. அலுமினியம், ஸ்டீல் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். உச்சியில் பழைய வயரிங் இருந்தால் மூங்கில் அல்லது ஃபைபர் கம்பு வாங்குங்கள். எந்தக் கம்பானாலும் வேலைக்கு முன் மெயினை அணைத்துவிடுங்கள். காய்ந்த மூங்கில் இலேசாக இருக்கும், நீளத்துக்கு விலையும் குறைவு. குறை ஒன்றுதான், மடக்க முடியாது.

நீட்டிக் குறைக்கும் கம்பு வாங்கினால் கடையிலேயே முழு நீளத்துக்கு நீட்டி, நுனியைத் தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் வகையில் உள்ளே ஒரு பிளாஸ்டிக் வளையம் விரிந்து குழாயை இறுக்குகிறது. அது தேய்ந்தால் மேல் குழாய் சரசரவென இறங்கும். வெளியே நெம்புகோல் வைத்துப் பூட்டும் வகை அதிகம் உழைக்கும். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு 8 அடி போதும். பட்டாலைக்கு 12 அடி வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் நுனி ஆடும், சுவரைக் குத்தும்.

தலைதான் வேலையைச் செய்வது. உருண்டையான நைலான் தலை வலையை நன்றாகச் சுற்றும், ஆனால் அதன் முடி விறைப்பு. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி சேர்த்து அரைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவரில் அது கோடு போடும். ஒருமுறை விழுந்த கோட்டைத் திரும்ப மெருகேற்றும் கைவேலைக்காரர்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே நைலான் தலைமேல் பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். தென்னை நார்த் தலை மலிவு, ஆனால் நார் உதிரும், மெருகுச் சுவருக்கு ஆகாது. முற்றத்து ஓட்டுச் சரிவு, கொல்லைப்புறம், தொழுவம் இவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். மைக்ரோஃபைபர் தலை மென்மையாக இருக்கும், ஆனால் நாலு தேய்ப்பில் வலை அடர்ந்து ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி கழுவ வேண்டும்.

எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். வெறுமனே தட்டிவிட்டால் கூடு தரையில் விழும், புழு சாகாது. கூட்டம் கலைந்ததும் சுவரோரம் போய் மறுபடி ஏறும். கீழே வெள்ளை வேட்டியோ பெட்ஷீட்டோ விரித்துவிட்டு மேலிருந்து கீழாகத் துடையுங்கள். வெள்ளையில் கூடு தெளிவாகத் தெரியும். பிறகு நான்கு முனையையும் சேர்த்துத் தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு மூன்று ஸ்பூன் கலந்து அதில் உதறுங்கள். சோப்பு முக்கியம். வெறும் தண்ணீரில் பட்டுக் கூடு மிதக்கும், உள்ளே காற்று இருக்கும், புழு பிழைக்கும். சோப்பு கலந்தால் நீர் உள்ளே இறங்கும். ஒரு இரவு ஊறவிட்டு வெளியே கொட்டிவிடலாம்.

அந்தச் சோப்புத் தண்ணீரைச் சுவரில் மட்டும் தேய்க்காதீர்கள். சுண்ணாம்புப் பூச்சில் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். கூடு ஒட்டியிருந்த இடத்தில் வெள்ளைப் பட்டுத் தழும்பு தெரியும், உலர்ந்த துணியால் வட்டமாகத் தேய்த்தால் போய்விடும். கறையை எடுக்க எலுமிச்சை, வினிகர், கழிப்பறை ஆசிட் என்று போகவே கூடாது. சுண்ணாம்பு ஆசிட்டில் கரையும், ஆத்தங்குடிக் கல்லின் நிறப்பரப்பும் சிமெண்டால் ஆனது என்பதால் அதுவும் அரிக்கும்.

வேக்யூம் கிளீனர்

விலைக்கேற்ற வேலை செய்யும், ஆனால் வீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். சின்னக் கையடக்க பேட்டரி மெஷின் கட்டில் அடி, பீரோ மூலை, மரப்பெட்டிக் கீல் இவற்றுக்கு நல்லது. பட்டாலைக்கு ஆகாது. 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள, ஈரமும் உலர்வும் இழுக்கும் டிரம் வகைதான் பெரிய வீட்டுக்குச் சரி. சக்கரம் பெரிதாக இருப்பதாகப் பாருங்கள், இந்த வீடுகளில் கட்டுக்குக் கட்டு வாசற்படி உயரம்.

மின்சாரத்தில் ஒரு கணக்கு. 1400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பழைய வீட்டின் 5 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினால் சாக்கெட் சூடாகி உருகும். அடுப்படியில் கிரைண்டருக்கோ மோட்டாருக்கோ போட்ட 15 ஆம்பியர் பாயிண்ட்டிலிருந்து, குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். எக்ஸ்டென்ஷன் சுருளை முழுக்க விரித்துவிடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறும்.

உறிஞ்சும் குழாயை நீட்ட நீட்ட இழுவை குறையும். மூன்று நீட்டிப்புக்கு மேல் போட்டால் ஒட்டடை வரும், சுவரில் பட்டு நூலால் பிடித்த கூடு வராது. உச்சியில் கம்பால் தட்டி, விழுவதைக் கீழே மெஷினால் இழுப்பது இதைவிட வேகம். மெஷினின் உண்மையான பலம் தூணின் போதிகைச் செதுக்கல், கதவு நிலையின் பூவேலை, சன்னல் சட்டத்தின் இடுக்கு ஆகியவற்றில்தான். அங்கே துணி போகாது. இரண்டு அங்குல மென்முடிப் பெயின்ட் பிரஷ்ஷால் செதுக்கலைத் தட்டிவிட்டு, ஒடுக்கு நாசிலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். நாசில் வாயில் கொசுவலைத் துண்டை ரப்பர் பேண்டால் கட்டினால் பெயர்ந்த மரத்துணுக்கோ பழைய வர்ணச் செதிலோ உள்ளே போய்த் தொலையாது. பர்மா தேக்குச் செதுக்கலில் ஒரு இதழ் போனாலும் அது போனதுதான்.

சுவர்ச் சுண்ணாம்புத் தூள் மிக நைசு. துணி ஃபில்டரை நிமிடங்களில் அடைத்துவிடும். பேப்பர் பை போடும் மாடல் வாங்குங்கள், பை கிடைக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பையை மெஷினிலேயே விடக்கூடாது. உள்ளே இருக்கும் புழு சாவதில்லை, தூசியும் முடியும் அதற்கு விருந்து. பையைக் கட்டி வெளியே அகற்றுங்கள், அல்லது முன்சொன்ன சோப்பு வாளியில் அமிழ்த்துங்கள்.

சட்டமிட்ட படங்களை மெஷினால் தொடாதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்தின் கண்ணாடிக் கல்லும் தங்கரேக்கும் பெயரலாம். சுவருக்கும் படத்துக்கும் இடையிலுள்ள இருட்டில்தான் பைப்புழு கூடுகிறது என்பதால், படத்தைக் கழற்றிப் பின்பலகையை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். மாட்டும்போது சட்டத்தின் கீழ் இரு மூலையிலும் ஒரு சென்டிமீட்டர் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். செலவு ஏறக்குறைய இல்லை, பலன் பெரிது.

அந்துருண்டை, கற்பூரம், வசம்பு

அந்துருண்டையை நாலு மூலைக்கு நாலாக வைப்பது வாசனைக்கு மட்டும்தான். நாஃப்தலீன் ஆவியாகி, அந்த ஆவி அடர்ந்து நின்றால்தான் புழு சாகும். பட்டாலையிலோ திறந்த அலமாரியிலோ ஆவி நிற்காது. சந்துவிட்ட மர பீரோவும் அப்படித்தான். மூடி இறுகும் டிரங்குப் பெட்டியில், மூடியின் சந்தை அகலமான டேப்பால் ஒட்டினால் வேலை செய்யும். ஆவி காற்றைவிடக் கனம், கீழிறங்கும். ஆகவே உருண்டைகளைத் துணியின் அடியில் போடாமல், பருத்தித் துணியில் முடிந்து மேல்தட்டில் வையுங்கள். ஜரிகையின்மேல் நேராகப் படக்கூடாது. எத்தனை என்பதற்குப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் பெட்டியின் கொள்ளளவோடு பொருத்திப் பாருங்கள். அளவே அச்சிடாத பாக்கெட்டை வாங்க வேண்டாம்.

கடையில் ஒரே வெள்ளை உருண்டையாக இருப்பவற்றில் இரண்டு வேறு இரசாயனங்கள் உண்டு. ஒன்று நாஃப்தலீன், மற்றது பாராடைக்குளோரோபென்சீன். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றையொன்று இளக்கி எண்ணெயாகித் துணியில் கறை இறங்கும். வீட்டில் பழைய சரக்கு எது என்று தெரியவில்லையா? இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் 100 மில்லி தண்ணீருக்கு 36 கிராம் கணக்கில், இனிக் கரையாது என்னும் வரை உப்பைக் கரையுங்கள். வெறும் தண்ணீரிலேயே மிதந்தால் கற்பூரம். வெறும் தண்ணீரில் மூழ்கி உப்புத் தண்ணீரில் மிதந்தால் நாஃப்தலீன். இரண்டிலும் மூழ்கினால் பாராடைக்குளோரோபென்சீன். உருண்டையில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் பாருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் நாஃப்தலீன் வைத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தவே கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறை உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். பெட்டியில் இருந்த பழைய சேலையைத் தொட்டிலுக்குக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம். துவைத்து, வெயிலில் காயவைத்து, வாசனை துளியும் இல்லை என்றான பிறகே எடுங்கள்.

கற்பூரம் விரைவில் கரைந்துபோகும், செலவு கூடும், விழுங்கினால் குழந்தைக்கு வலிப்பு வரும். அந்துருண்டைக்கு மாற்றாக இதைச் சொல்ல மாட்டோம். வசம்பின் கதை வேறு. தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு சேர்ந்த பொடி மூட்டை வைக்கும் மரபு உண்டு. அதன் மணம் பூச்சியை விரட்டும், ஆனால் கூட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பி விட்டுவிட முடியாது. சுத்தம் செய்து மூடிய பெட்டியில் காவலுக்கு வைக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுசாக இடித்து மாற்றினால் போதும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது உடைத்து முகருங்கள், நெடி இல்லாவிட்டால் பழசு. ஆன்லைனில் வரும் தேவதாரு உருண்டை விலைக்குத் தகுதி இல்லை. எண்ணெய் மணம் சில மாதத்தில் போய்விடும், பெரிய புழுவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வேப்பிலையைப் பொடியாக உதிரும் வரை பெட்டியிலேயே விடுவதையும் நிறுத்திவிடலாம்.

ஸ்ப்ரேயும் பூச்சி மருந்துச் சேவையும்

கரப்பான், கொசுவுக்கான ஸ்ப்ரேக்களில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. வெளியே பறக்கும் அந்துப்பூச்சியின்மேல் பட்டால் அது சாகும். சுவரில் ஒட்டிய கூட்டின்மேல் அடித்தால், மணல் பூச்சும் பட்டு உறையும் மருந்தை வெளியிலேயே நிறுத்திவிடும். புழு தலையை உள்ளிழுத்துக்கொண்டு காத்திருக்கும். இன்னொரு தடை நம் சுவரே. சுண்ணாம்புச் சுவர் மருந்தை உறிஞ்சிவிடும். புதிதாக வெள்ளையடித்த சுவரின் காரத்தன்மை பல மருந்துகளைச் சீக்கிரம் சிதைக்கும். ஸ்ப்ரேயில் உள்ள எண்ணெய் மெருகுச் சுவரில் மஞ்சள் வட்டமாக நின்றுவிடும், அது எளிதில் போகாது. சிலந்தி மட்டும் செத்து வலை அப்படியே தொங்கினால், பைப்புழுவுக்குச் சமைத்து வைத்த மாதிரி.

சேவை நிறுவனங்களை அழைப்பவர்கள் விலைக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மருந்தடிக்கும் முன் ஒட்டடை முழுக்க எடுப்பீர்களா? எந்த மருந்து, எத்தனை மில்லி ஒரு லிட்டருக்கு? மெருகுச் சுவரில் அடிக்காமல் இடுக்குகளில் மட்டும் அடிப்பீர்களா? முதல் கேள்விக்கே இல்லை என்றால் பேச்சை நிறுத்திவிடலாம். தலையாட்டினால், சுவரும் கூரையும் சேரும் கோடு, நிலைப்பேழையின் பின்புறம், உத்தர இடுக்கு, மாடிப்படி அடி இவற்றுக்கு மட்டும் எழுதி வாங்குங்கள். கரையான் ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். கரையான் வேலையில் தரையில் துளையிட்டு மருந்து செலுத்துவார்கள், பைப்புழுவுக்கும் அந்தத் துளைக்கும் சம்பந்தமே இல்லை. இதற்காக ஆத்தங்குடிக் கல்லில் ஒரு துளை கூட விழக்கூடாது.

துணி அந்துப்பூச்சிக்கு என்று விற்கும் ஒட்டுப்பொறி அட்டையைப் பைப்புழுவுக்காக வாங்காதீர்கள். அதில் உள்ள வாசனை வேறு இனத்தின் பெண் பூச்சியுடையது. நம் சுவர்ப் பூச்சி அதற்கு வராது. அரிசி, மாவு அந்துக்கான பொறியும் அப்படியே. எறும்புச் சாக்பீஸும் வீண், கோட்டைத் தாண்டும்போது உரசுவது கூடுதான், உடம்பு இல்லை.

கம்பளி, பட்டு, பழம்பொருள்

விழாவில் போர்த்திய சால்வைகள், இரத்தினக் கம்பளம், பழைய கம்பளிப் போர்வை இவைதான் இந்தப் பகுதி வீடுகளில் உண்மையான ஆபத்தில் இருப்பவை. பட்டும் புரத நூல்தான், வியர்வைக் கறையோடு மடித்து வைத்தால் அந்துப் புழுக்களுக்கு இன்னும் இதம். துவைத்து அல்லது டிரை கிளீன் செய்து, முழுக்கக் காய்ந்த பிறகே மடியுங்கள்.

புழு இருப்பதாக ஐயம் வந்தால் மருந்தைவிட ஃப்ரீசர் நல்லது. துணியைத் தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, இரண்டு சுற்று டேப் ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். மேல்மூடி திறக்கும் டீப் ஃப்ரீசர் சிறந்தது. பனி படியாத வகை ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் தன்னைத் தானே அவ்வப்போது இலேசாகச் சூடாக்கிக்கொள்ளும், அதை நம்ப முடியாது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒருநாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் துணிமேல் துளியாகப் படியும், ஜரிகை கறுக்கும். ஓவியம், மரச்சிற்பம், அரக்குப் பூசிய மரவைப் பாத்திரம் இவற்றை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

கம்பளத்தைச் சுருட்டிச் சாத்தி வைப்பதே பாதி வினை. முற்றத்தில் வெயிலில் விரித்து, அடிப்பக்கத்தை மேலே திருப்பி, இரண்டு பக்கமும் தட்டுங்கள். புழு வெளிச்சத்தைக் கண்டு ஓடும், உதறினால் விழும். பட்டுத் துணியை மட்டும் நேர் வெயிலில் போடாதீர்கள், நிறம் போகும்.

சில வீடுகளின் முகப்பில் இன்னும் பதம் செய்த மான் தலை தொங்கும். அந்த முடியும் பைப்புழுவுக்கு உணவு. ஆனால் அந்தக் காலத்தில் பதம் செய்ய ஆர்செனிக் பூசுவது வழக்கம். வெறும் கையால் தட்டித் துடைக்காதீர்கள், கையுறையும் முகக்கவசமும் அவசியம், கீழே விழும் தூசியை ஈரத் துணியால் எடுத்து அந்தத் துணியையும் அகற்றிவிடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ வேறெங்கோ பழம்பொருள் வாங்கும்போது, மரப்பெட்டியின் அடிப்பலகை, கீல் பள்ளம், கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம் மூன்றையும் டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். பழைய கூடு ஒன்று இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லவேண்டியதில்லை, வீட்டுக்குள் ஏற்றும் முன் திண்ணையிலேயே பிரஷ்ஷால் சுத்தம் செய்தால் போதும்.

மரத்தில் தொங்குவது

கொல்லையிலும் கண்மாய்க் கரையிலும் கருவேல மரத்தில் சுள்ளிகளை வரிசையாக அடுக்கிக் கட்டிய கூடுகள் தொங்கும். ஒரு விறகுக்கட்டை நிறுத்திவைத்த மாதிரி. அது வேறு குடும்பம், வீட்டுக்குள் வந்து துணி தின்னாது, இலைதான் தின்னும். அந்தக் குடும்பத்தின் பல இனங்களில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது, வாழ்நாள் முழுக்கக் கூட்டிலேயே கழியும். கூட்டுக்குள்ளேயே முட்டை இருக்கும் என்பதால் கையால் பறிப்பதே முழுமையான வைத்தியம். இழுத்துப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டுங்கள், கிளையைச் சுற்றிய பட்டு வளையத்தையும் அறுத்து எடுங்கள், இல்லாவிட்டால் கிளை பருக்கும்போது அது இறுக்கும். புளியமரத்தில் சின்னக் கூடுகள் ஆயிரக்கணக்கில் வந்தால் மட்டும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் புழுக்கொல்லி பாக்டீரியாப் பொடியை, பாக்கெட் அளவுப்படி கலந்து, மாலையில் இலை நனையத் தெளிக்கலாம். புழு அதைத் தின்ன வேண்டும், அதனால் குட்டியாக இருக்கும்போதுதான் பலிக்கும். கூடு முற்றி வாய் மூடிய பிறகு தெளிப்பது காசுக்குக் கேடு.

எத்தனை முறை

ஒரே நாள் பெரிய சுத்தம் போதாது. முதல் நாள் எடுத்ததில் முட்டையும், கண்ணுக்குத் தெரியாத 2 மில்லிமீட்டர்க் கூடும் தப்பியிருக்கும். 21ஆம் நாள், 42ஆம் நாள், 63ஆம் நாள் என்று மூன்று முறை திரும்ப ஒட்டடை எடுத்தால், அன்றைக்குத் தப்பியவை பூச்சியாகி முட்டையிடும் முன் ஏதாவது ஒரு சுற்றில் அகப்படும். வெளியூரில் இருப்பவர்கள் காவலுக்கு இருப்பவரிடம் இந்த நான்கு தேதியையும் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் வேட்டியில் விழுந்த கூடுகளை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் எங்கோ ஒரு அறை விட்டுப்போயிருக்கிறது. அநேகமாக அறைக்குள் அறையாக இருக்கும் ரெட்டைவீட்டின் மூடிய அறை ஒன்று, அல்லது மச்சு.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் ஆவணித் தொடக்கம். மழைக்கு முன் நான்கு சுற்றும் முடிந்துவிடும். அதன்பிறகு மழை விட்ட நாளெல்லாம் இரண்டாங்கட்டுச் சன்னலைக் காலை பத்து முதல் மாலை நாலு வரை திறந்து வைக்கச் சொல்லுங்கள், சன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தால் சிலந்திக்கு இரையாகும் பூச்சியும் உள்ளே வருவது குறையும்.